தென் தீவு மலைகளுக்கு ஹெலிகாப்டரில் போய், நடந்து திரும்புவது

கேள்வி இதுதான்: "நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். நியூசிலாந்தின் தென் தீவில் சாலையே இல்லாத மலைக்குள் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, மூன்று நான்கு நாள் நடந்து சுற்றிவிட்டு வர ஆசை. அந்த நிலமெல்லாம் யாருடையது? அனுமதி வாங்க வேண்டுமா? ஆபத்து எவ்வளவு?"

முடியும். பொது நிலத்தில் நடப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஹெலிகாப்டர் தரையிறங்கத்தான் அனுமதி வேண்டும், அதை வாங்கி வைத்திருக்க வேண்டியது உங்களை ஏற்றிப் போகும் நிறுவனம். ஆபத்தைப் பற்றிக் கேட்டால், பறப்பதைவிட ஆற்றைக் கடப்பதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அதனால் எல்லோருக்கும் ஒன்றையே சொல்வது வழக்கம்: உள்ளே போவதற்கு ஹெலிகாப்டரை வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வருவதற்கு அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் நிலம். நியூசிலாந்தின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாதுகாப்பு நிலம், அதாவது இயற்கையைக் காக்க ஒதுக்கிய அரசு நிலம், 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல். 1987ல் வந்த சட்டத்தின் கீழ் இதையெல்லாம் ஒரே துறை, இயற்கைப் பாதுகாப்புத் துறை (Department of Conservation, DOC), பார்க்கிறது. ஊரில் எல்லோரும் 'டாக்' என்பார்கள். தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃபியர்ட்லேண்ட் தேசியப் பூங்கா மட்டுமே 12 லட்சம் ஹெக்டேரைத் தாண்டும், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் போகும் கார் சாலை என்று பார்த்தால் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் ஒன்றுதான் முக்கியமானது. மற்றதெல்லாம் காடு, பாறை, தண்ணீர்.

அகத்தியர் மலை ஏற ஆன்லைனில் காத்திருந்து அனுமதிச் சீட்டு வாங்கிய நமக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்: வாசல் கேட் கிடையாது, வழிகாட்டி கட்டாயம் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. தேசியப் பூங்காக்களுக்குள் மக்கள் தாராளமாகப் போய்வரலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டம் மொய்க்கும் நான்கு இடங்களில் வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கப் போவதாக 2025ல் அரசு அறிவித்தது. நீங்கள் கேட்கும் உள்மலைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மலை என்றாலே பொது நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்குப் பக்கத்தில் மரமே இல்லாத பழுப்புப் புல் மலைகள் பலவும் அரசு ஆடு மேய்க்கக் குத்தகைக்கு விட்டவை. அங்கே நடக்கக்கூடப் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டும். வரைபடத்தில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் பாதை போடக் கூடாது.

இப்போது ஹெலிகாப்டர் விஷயம். பொதுப் பாதுகாப்பு நிலத்தில் எந்த விமானமும் டாக்கின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. சொந்த ஹெலிகாப்டர் வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். நீங்கள் படம் எடுக்கக் கொண்டுபோகும் குட்டி டிரோனுக்கும் அனுமதி வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுவனங்களின் அனுமதிப் பத்திரத்தில் எந்தெந்த இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை முறை இறங்கலாம் என்றெல்லாம் கட்டுப்பாடு இருக்கும். ஆகவே, "இந்தப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?" என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். இருப்பவர் உடனே ஆமாம் என்பார். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதைவிடக் கெடுபிடியான ஒரு வகை நிலமும் இருக்கிறது, 'வில்டர்னஸ் ஏரியா' என்று அரசிதழில் அறிவித்த பகுதிகள். தென் தீவின் பெரிய மலைத்தொடரான தென் ஆல்ப்ஸில் ஹூக்கர்-லேண்ட்ஸ்பரோ, ஆடம்ஸ், ஒலிவைன் எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே புதிதாகக் குடில் கட்ட மாட்டார்கள், பாலம் போட மாட்டார்கள், பாதை வெட்ட மாட்டார்கள், உல்லாசப் பயணிகளை ஹெலிகாப்டரில் இறக்கவும் விடமாட்டார்கள். போக வேண்டுமென்றால் எல்லைக்கு வெளியிலிருந்து நடந்துதான் போக வேண்டும். மலையேறும் கழகங்களின் கூட்டமைப்பு பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டு வாங்கியது இது. எனக்கு இதில் முழு உடன்பாடு. நாட்டில் எங்காவது சில பள்ளத்தாக்குகள், பணம் கொடுத்தாலும் சீக்கிரம் போக முடியாதவையாக இருக்கட்டுமே. அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டத்திலும் இதே யோசனைதான், இயந்திரம் எல்லைக்கோட்டோடு நின்றுவிட வேண்டும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு, அதுவும் நமக்குத் தெரிந்த ஒரு விலங்கின் ஒன்றுவிட்ட சொந்தத்தால். நீலகிரி வரையாடு நம் மாநில விலங்கு. அதை வெகுகாலம் இமாலய 'தார்' என்ற காட்டு ஆட்டோடு ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005ல் மரபணு ஆய்வுக்குப் பிறகு தனியாகப் பிரித்தார்கள். அந்த இமாலயத் தாரை 1904ல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து அவுராகி (மவுண்ட் குக்) மலை அருகே வேட்டைக்காக விட்டார்கள். சிறுத்தையும் இல்லை, ஓநாயும் இல்லை, பெருகிவிட்டது. 1993ல் போட்ட திட்டம் நாடு முழுவதும் 10,000க்கு மேல் போகக் கூடாது என்றது. 2019 கணக்கெடுப்பில் பொது நிலத்தில் மட்டும் ஏறக்குறைய 34,500 என்று வந்தது. நம்மூரில் ஒவ்வொரு குட்டியையும் எண்ணிக் காப்பாற்றுகிறோம், அங்கே ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைக்கிறார்கள். வேட்டைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிடுவீர்களா என்று 2020ல் நீதிமன்றம் வரை போனார்கள். இந்தத் தார் வேட்டைக்காக மட்டும், இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்கு, குலுக்கலில் பெயர் வந்த குழுக்களை ஹூக்கர்-லேண்ட்ஸ்பரோவிலும் ஆடம்ஸிலும் குறித்த இடங்களில் ஹெலிகாப்டர் இறக்கிவிடும். நடக்க மட்டும் வருபவர்களுக்கு அது கிடையாது.

தென் தீவில் மலையும் ஹெலிகாப்டரும் இவ்வளவு ஒட்டிப்போனதே இப்படிப்பட்ட விலங்குகளால்தான். 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஆங்கிலேயர் வேட்டைக்கென்று செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1905ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அனுப்பிய வாபிட்டி மான்கள்கூட ஃபியர்ட்லேண்டில் இறங்கின. இந்த மான்கள் காட்டின் கீழ்மட்டச் செடிகளையே மேய்ந்து தீர்த்தன. 1930ல் மானுக்கிருந்த சட்டப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட ஆரம்பித்தார்கள். அந்த ஆட்கள் மாதக்கணக்கில் காட்டிலேயே கிடப்பார்கள். அவர்கள் தங்குவதற்காக 1950, 60களில் வனத்துறை கட்டிய சின்னச் சின்னக் குடில்களில் பலவற்றில்தான் இன்று நாம் தூங்குகிறோம். நாடு முழுவதும் டாக்கிடம் இப்போது 950க்கு மேல் குடில்கள்.

பிறகு 1960களில் டிம் வாலிஸ் போன்ற, தென் தீவின் வனாகா ஊர்க்காரர்கள் கணக்கை மாற்றினார்கள். சுட்ட மானை மலையிலேயே அழுக விடாமல் ஹெலிகாப்டரின் கீழே கட்டித் தொங்கவிட்டு எடுத்துவந்து ஜெர்மனிக்கு இறைச்சியாக விற்றால் காசு. அடுத்த பத்தாண்டில் மான் பண்ணைகள் வந்ததும் செத்த மானைவிட உயிர் மானுக்கு விலை ஏறியது. ஹெலிகாப்டரிலிருந்து வலையைச் சுடும் துப்பாக்கி வந்தது. வலையில் சிக்காவிட்டால் ஆள் ஹெலிகாப்டரின் அடிக்கம்பியில் (ஸ்கிட்) நின்று மானின் மேலேயே குதிப்பான். எத்தனையோ ஹெலிகாப்டர்கள் நொறுங்கின, பைலட்டுகள் செத்தார்கள். இன்று தென் தீவில் மலைக்குள் பறக்கும் கலை இவ்வளவு தேர்ந்திருப்பதற்கு அந்த முரட்டுக் காலம் ஒரு காரணம். குடில்களுக்கு விறகும் எரிவாயுவும் கொண்டுபோவது, கழிப்பறைத் தொட்டியைத் தூக்கி வருவது, எலிக்கும் பொசம் என்ற மரமேறி விலங்குக்கும் விஷம் தூவுவது, விழுந்தவரை மீட்பது எல்லாமே இன்றும் ஹெலிகாப்டர்தான். அதனால் அந்தச் சத்தத்தை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆனால் பெரிய மூட்டையைச் சுமந்து இரண்டு நாள் ஏறி வந்தவர் குடிலில் காலை நீட்டும்போது, வாசலில் ஹெலிகாப்டர் வந்து நான்கு பேரையும் ஒரு பெட்டி பீரையும் இறக்கினால் முகம் சுளிப்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. குடிலில் கடைசியாக இடம் பிடிப்பது நீங்களாக இருக்கட்டும். கூடாரம் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

பறக்கும் நாளன்று என்ன நடக்கும்? முதலில் எல்லோரையும் எடை மேடையில் நிற்க வைப்பார்கள், மூட்டையோடு. வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, வெயில் ஏறினால் இன்னும் மெலிகிறது. கீழே அலட்டாமல் ஐந்து பேரைத் தூக்கும் ஸ்குவிரல் ரக ஹெலிகாப்டர், மதிய வெயிலில் உயரமான மேட்டில் திணறும். காலைப் பயணம் கேளுங்கள் என்று சொல்வது அதனால்தான். கேஸ் குப்பி, ஸ்டவ் எரிபொருள் எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இறங்கும்போது பெரும்பாலும் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். மூட்டைகளை எடுத்துக் குவித்து, அதன் மேல் கை போட்டு அழுத்திக்கொண்டு, பைலட் கண்ணில் படும்படி முன்பக்கமாக எல்லோரும் மண்டியிட்டு உட்கார வேண்டும். அவர் தலையசைத்து மேலே எழும்பிப் போகும்வரை ஒருவரும் எழக் கூடாது. தொப்பி, வரைபடம், கட்டாத கூடார உறை எதுவாக இருந்தாலும் காற்று அடித்துப் பள்ளத்தில் போட்டுவிடும். வால் பக்கம் போகவே கூடாது, சுற்றும் வால் விசிறி கண்ணுக்குத் தெரியாது. சரிவில் இறக்கிவிட்டால் பள்ளத்துப் பக்கமாகத்தான் நகர வேண்டும். மேட்டுப் பக்கம் ஏறினால் தலைக்கு மேல் இருந்த விசிறி கழுத்து உயரத்துக்கு வந்துவிடும். நடைக்கம்பை நிமிர்த்திப் பிடிப்பதும் அப்படித்தான், படுக்கையாக இடுப்பளவில் பிடியுங்கள்.

வாடகை, ஹெலிகாப்டர் ஓடும் நேரத்துக்கு. உங்களை இறக்கிவிட்டு அது காலியாகத் திரும்பும் நேரத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள். நான்கு பேர் என்பது அதற்கு நல்ல கணக்கு, ஒரே நடையில் முடிந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் சைபீரியா பள்ளத்தாக்கு. வனாகாவிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் மகரோரா என்ற சின்ன ஊர். அங்கிருந்து சிறு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ மவுண்ட் ஆஸ்பயரிங் தேசியப் பூங்காவுக்குள் கொஞ்ச நேரப் பயணம். அகலமான புல்வெளி, நடுவில் பிரிந்து பிரிந்து ஓடும் ஓடை, இரண்டு பக்கமும் பீச் (beech) மரக்காடு, அதற்கு மேல் பனி. குடிலில் மூட்டையை வைத்துவிட்டு ஒரு முழு நாள் குரூசிபிள் ஏரிக்குப் போய் வரலாம். கோடையிலும் ஐஸ் கட்டிகள் மிதக்கும் ஏரி அது. வழியில் ஓடையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், பாலம் கிடையாது. நனையாமல் இருக்க ஷூவைக் கழற்றுவது நம்மவர் வழக்கம். அதைச் செய்யாதீர்கள், வழுக்கும் உருண்டைக் கல்லில் வெறுங்காலோடு குளிர்ந்த தண்ணீரில் நின்றால் விழுவது நிச்சயம். ஷூவோடே இறங்கி, நாளெல்லாம் ஈரக்காலோடு நடப்பதுதான் அங்கே வழக்கம்.

திரும்பும் வழி, குடிலிலிருந்து கெரின் ஃபோர்க்ஸ் வரை ஏறக்குறைய மூன்று மணி நேர நடை. புல்வெளி முடிந்ததும் பாதை ஓடையை விட்டு விலகிக் காட்டுக்குள் போகும். ஓடையோடு ஒட்டியே போனால் இடுக்கில் மாட்டிக்கொள்வீர்கள், மரத்தில் அறைந்திருக்கும் ஆரஞ்சு முக்கோணங்களைப் பாருங்கள். கடைசியில் வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கி வில்கின் ஆற்றங்கரை. அங்கே, முன்பே பேசி வைத்த ஜெட் போட் வந்து மகரோராவுக்கு ஏற்றிப் போகும். அதைப் பேசாமல் "நடந்தே போய்விடலாம்" என்று கிளம்பியவர்கள் கடைசியில் மகரோரா ஆற்றின் முன் நிற்பார்கள். அதைக் கடந்தால்தான் நெடுஞ்சாலை. அது எல்லா நாளும் கடக்க விடும் ஆறு அல்ல. கெரின் ஃபோர்க்ஸ் குடில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், அது வில்கின் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது.

வெளியே வர ஹெலிகாப்டரை மட்டும் நம்பாதீர்கள் என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. வடமேற்கிலிருந்து ஈரக்காற்று டாஸ்மன் கடலைத் தாண்டி வந்து இந்த மலைச்சுவரில் மோதுகிறது. மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,500 மி.மீ.க்கு மேல் மழை. இன்னும் வடக்கே கிராப் ஆற்றுப் படுகையில் 11 மீட்டரைத் தாண்டும், நம் சிரபுஞ்சிக்குச் சமம். அந்தக் காற்று வந்தால் ஒரே நாளில் இரண்டு வாசலும் சாத்திக்கொள்ளும். மேகம் பள்ளத்தாக்கை அடைத்து ஹெலிகாப்டர் வராது. ஓடை காவிரி வெள்ளம்போல் பழுப்பாகி, அடியில் கல் உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும், கடக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதை 'நியூசிலாந்துச் சாவு' என்றே சொன்னார்கள், அவ்வளவு பேர் போனார்கள். நல்ல விஷயம், பெய்தது போலவே சீக்கிரம் வடிந்தும்விடும். பல ஓடைகள் மழை விட்ட ஒரு நாளில் இறங்கிவிடும். காத்திருக்கத் தெரிந்தால் பிழைத்தோம்.

காத்திருக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் உணவு கூடுதலாக வேண்டும். ஊருக்குத் திரும்பும் விமானம் மறுநாளே இருக்கக் கூடாது. ஞாயிறு மாலை டிக்கெட் போட்டுவிட்டு ஞாயிறு காலை ஹெலிகாப்டர் வரும் என்று உட்கார்ந்திருப்பவர்தான் பைலட்டுக்கு போன் போட்டு நச்சரிப்பார், அல்லது வெள்ளத்தில் காலை வைப்பார். இரண்டுமே கெட்டது. 2015 நவம்பரில் ஃபாக்ஸ் பனிப்பாறையில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேரும் இறந்தார்கள். அன்றைய வானிலை அந்தப் பயணத்துக்கு ஏற்றதாக இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. 2025 ஜூனில் கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டரில் ஏழு பேர் இறந்ததும் மேகம் மூடிய மலைப் பள்ளத்தாக்கில்தான். பைலட் "இன்று வேண்டாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு டீ போட்டுக் குடியுங்கள்.

நடந்தே உள்ளே போனவருக்கு ஒரு வசதி உண்டு. எந்த ஓடை எங்கே ஆழம், எந்தச் சரிவு வழுக்கும் என்று காலுக்குத் தெரிந்திருக்கும். பறந்து வந்த உங்களுக்கு அது தெரியாது. ஆகவே இறங்கிய முதல் நாள் தூரமாக எங்கும் போகாமல், வெளியேறும் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அதே நாளில் ஓடைக் கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

போன் சிக்னல் இருக்காது. அவசரநிலை இடங்காட்டிக் கருவியை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், பி.எல்.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும், ஆள் வரும், அதற்குப் பொதுவாக பில் வராது. ஆனால் அதை மூட்டைக்குள் திணிக்காமல் உடம்போடு வைத்திருக்க வேண்டும், ஆறு மூட்டையைத்தான் முதலில் பிடுங்கும். ஊரில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எப்போது திரும்பாவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குடிலில் இருக்கும் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

பாம்பு கிடையாது, கரடி கிடையாது. தொல்லையாகக் கடிப்பது மணல் ஈதான், ஆனால் அது போதும், மணிக்கட்டு வரை மூடிய சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கியா என்ற மலைக்கிளி ஷூவின் ரப்பரைக் கொத்தித் தின்னும், ராத்திரி ஷூவைக் குடிலுக்குள் வையுங்கள்.

மாதம் கேட்டால், பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை. பனி கரைந்து ஓடைகள் கொஞ்சம் அடங்கியிருக்கும், வானிலையும் கிறிஸ்துமஸ் சமயத்தைவிட நிலையாக இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஆண் செம்மான்கள் கத்தும் காலம், மலையெல்லாம் துப்பாக்கிக்காரர்கள் இருப்பார்கள். அப்போதுதான் லீவு கிடைக்கும் என்றால் மான் நிறத்தில், பழுப்பில் எதுவும் போடாதீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சோ நீலமோ வாங்கிக்கொள்ளுங்கள், மூட்டைக்கும் அதே நிறத்தில் உறை போடுங்கள்.